டெங்கில் வெயிலும் வீட்டுப் பச்சோந்தியும்: வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

டெங்கில், சைபர்ஜெயா, பாங்கி முதல் கிள்ளான் வரை பச்சோந்தி வளர்க்கும் குடும்பங்களுக்கு,

பச்சோந்தியின் எலும்பு உறுதிப்பட வெயில் வேண்டும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர், அதாவது 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட கதிர், தோலில் இருக்கும் ஒரு கொழுப்பினப் பொருளை வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாற்றுகிறது. உடல் சூட்டில் அது டி3 ஆகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் மாறி, குடலில் உள்ள கால்சியம் ரத்தத்தில் சேர வழிசெய்கிறது. இந்தத் தொடர் எங்கே அறுந்தாலும் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கால்கள் வளையும், தாடை மென்மையாகும், கிளையைப் பற்றும் பிடி தளரும், இரையை நோக்கி நாக்கை வீச முடியாமல் போகும். சிகிச்சையால் நோயை நிறுத்தலாம். வளைந்த எலும்பு மீண்டும் நேராவதில்லை. குஞ்சுகளும் சினைப்பட்ட பெண் பச்சோந்திகளும்தாம் இதில் முதலில் விழுகின்றன. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் ‘செங்கெரிக்’ என்று விற்கும் பூச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதை மட்டுமே தின்று, கதிரும் படாமல் வளரும் பச்சோந்திக்கு இந்த நோய் வருவது ஏறக்குறைய உறுதி.

டி3 தூளை உணவில் தூவினால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். தூளின் அளவு மிகுந்தால் அது நஞ்சாகும். கால்சியம் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் படியும். வெயிலில் தோல் செய்யும் டி3-க்கு அந்த ஆபத்து இல்லை, ஏனெனில் தேவைக்கு மேல் உருவாகும் முன்வடிவத்தை அதே ஒளி வேறு பொருள்களாகச் சிதைத்துவிடுகிறது. பச்சோந்தியும் தன் தேவையை ஓரளவு அறிந்தே வெயில் காய்கிறது. மடகாஸ்கரைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்திகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் புற ஊதா ஒளியை நாடி அதிகமாக வந்தன. நிறையக் கிடைத்தவை விலகி நின்றன. வளர்ப்போர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வெயிலுக்கு வரவும் வெயிலை விட்டு விலகவும் பச்சோந்திக்கு இடம் இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் தந்து இரண்டாவதை மறுக்கும் ஏற்பாடு எதுவாயினும் அது கொடுமையே.

டெங்கிலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மிகுதிதான் இங்கே ஆபத்து. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. மேகமில்லாத நண்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக அளவுகோலில் அதுவே உச்சப் பிரிவு. கடைகளில் அதிகம் கிடைக்கும் ஏமன் பச்சோந்திக்கும் பாந்தர் பச்சோந்திக்கும் குறியீடு 3 அளவில் கிடைக்கும் ஒளி தாராளம்.

எந்த மணிக்கு வெளியே வைப்பது என்பதைப் பிற நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி நேரம் முந்தி ஓடுகிறது. டெங்கில் இருக்கும் தீர்க்கரேகைக்கு உரியதோ ஏறத்தாழ 6 மணி 47 நிமிடம். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15-ஐ ஒட்டி; ஆண்டின் நாளைப் பொறுத்துக் கால் மணி முன்பின் ஆகும். காலை 7 மணிக்கும் 7.30-க்கும் இடையே உதிக்கும் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை என மேலே ஏறுகிறது. ஆகவே கடிகாரத்தைவிட நிழலே நம்பத்தக்க அளவுகோல். ஒரு குச்சியை நட்டு அதன் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் குச்சியைவிட நீளமாக இருக்கும்வரை கதிர் மிதமானது. இரண்டும் சமமாகும்போது சூரியன் 45 பாகையில் நிற்கிறது. அது காலை 10.15 வாக்கில் நேரும். நிழல் அதற்கும் குறுகத் தொடங்கினால் பச்சோந்தியை உள்ளே எடுத்துவிட வேண்டும். புற ஊதாக் குறியீட்டைக் காட்டும் கையடக்க மானி கிடைக்கிறது. விலை அதிகம் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு.

இந்தக் கணக்கின்படி காலை 8.30 முதல் 10 மணி வரை உள்ள நேரமே டெங்கிலுக்குப் பொருந்துகிறது. அப்போது காற்றில் இரவின் குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். மாலை 5 மணிக்கு மேலும் கதிரின் அளவு இதே போலத்தான் இருக்கும். ஆனால் நாளெல்லாம் சூடேறிய சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் அப்போதும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், பல நாள்களில் மழையும் குறுக்கிடும். மாலை இரண்டாம்பட்சமே. மேகம் மூடிய காலையை வீண் என்று விட வேண்டாம். புற ஊதா பி கதிரின் ஒரு பகுதி மெல்லிய மேகத்தைக் கடந்து வருகிறது.

முதல் சில நாள்களில் 10 முதல் 15 நிமிடம் போதும். விளக்கொளியிலேயே வளர்ந்த பச்சோந்தி திறந்த வானத்தைக் கண்டதும் மிரளும், கறுக்கும், சீறும். அது பழகிய பிறகு அரை மணி நேரம், நிழல் நன்றாக அமைந்த கூண்டில் வளர்ந்த பச்சோந்திக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். குஞ்சின் உடல் மிகச் சிறியது. அது பெரியதைவிடப் பன்மடங்கு வேகமாகச் சூடேறி, அதே வேகத்தில் நீரையும் இழக்கும். குஞ்சுக்கு நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். வெயில் ஒழுங்காகக் கிடைக்கும் பச்சோந்திக்கு டி3 கலந்த தூளைக் குறைத்து, டி3 கலக்காத கால்சியத் தூளையே பெரும்பாலும் பயன்படுத்துவது முறை.

எல்லாப் பச்சோந்திக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. ஏமன் பச்சோந்தி ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது. ஓரளவு சூட்டைத் தாங்கும். பாந்தர் பச்சோந்தி மடகாஸ்கரின் ஈரமான கரையோரங்களுக்கு உரியது. டெங்கிலின் ஈரப்பதம் அதற்கு அந்நியமல்ல. மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைகளின் குளிரில் வாழப் பிறந்தது. பகலில் 32, 33 பாகை செல்சியஸைத் தொடும் சமவெளியில் அதை வளர்ப்பதே தவறு. வெளியே வெயிலில் வைப்பது அதனினும் தவறு. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் காணப்படும் இந்தியப் பச்சோந்தியை எவரும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆனால் காட்டில் அது வெயில் காயும் விதத்தைக் கவனித்தால் வளர்ப்போருக்கு நிறையப் புரியும். காலையில் வெளிக்கிளைக்கு வந்து, உடலைத் தட்டையாக்கி, ஒரு விலாவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, கறுத்த நிறத்தோடு அசையாமல் நிற்கும். கறுத்த தோல் வெப்பத்தை விரைவாக ஈர்க்கும். வேண்டிய சூடு ஏறியதும் நிறம் வெளிறி, இலைகளுக்குள் புகுந்துவிடும். வெளிக்கிளை, உள்கிளை, இலைமறைவு ஆகிய மூன்றும் அமைந்த கூண்டே வெயிலுக்கு ஏற்ற கூண்டு.

கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பதுதான் மிகப் பெரிய பிழை. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்து, வெப்பத்தை உள்ளே சிறைப்பிடிக்கிறது. பயன் எதுவும் கிடைக்காமல் கேடு மட்டும் முழுதாக வந்து சேர்கிறது. சில நிமிடங்களிலேயே உள்ளே இருக்கும் பச்சோந்தி இறந்துபோகும். பிளாஸ்டிக் பெட்டிக்கும், நிறுத்திவைத்த காருக்கும் இதே எச்சரிக்கை. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு ‘வெயில் காட்டுகிறேன்’ என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அங்கே பச்சோந்திக்குக் கிடைப்பது சூடு மட்டுமே.

கூண்டு முழுவதும் கம்பி வலையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள அரை அங்குலக் கம்பி வலை நல்லது. நெருக்கமான கொசுவலை கதிரில் ஒரு பங்கைத் தடுக்கும், விரல் நகமும் அதில் சிக்கிக்கொள்ளும். கதவுக்கு ஒரு கொக்கி போதாது, மேலும் ஒரு பூட்டு வேண்டும். கூண்டை உயரமான மேசையில் வைப்பது நலம். மனிதர் தலைக்கு மேலிருந்து பார்க்கும்போதுதான் பச்சோந்தி அச்சம் தணிந்து இருக்கும். மேசைக்கு அடியில் புல்தரை இருந்தால் நல்லது, சிமெண்டு கூடாது. இரண்டு பச்சோந்திகளை ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்கக் கூடாது. பளபளப்பான கார்க் கதவில் தன் உருவத்தைக் கண்டாலும் ஆண் பச்சோந்தி எதிரி வந்துவிட்டதாகத் தவிக்கும்.

நிழல் அமைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூண்டின் மேல்பாதியைப் பலகையால் மூடிவிட்டால் பாதி நிழல் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. காலை வெயில் மேலிருந்து வருவதில்லை. கிழக்கிலிருந்து சாய்வாக வந்து பலகைக்கு அடியில் நுழைந்து கூண்டு முழுவதையும் நிறைக்கும். ஆகவே மேலே ஒரு மூடியும், பக்கத்தில் ஒரு மறைப்பும், உள்ளே அடர்ந்த இலையும் சேர்ந்துதான் நிழலாகும். சூரியனின் பாதையும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை டெங்கிலில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், எஞ்சிய மாதங்களில் தெற்கே. ஜூனில் வடக்குப் பார்த்த வரிசை வீட்டின் கார் போர்ச்சில் சாய்ந்து விழும் வெயில் டிசம்பரில் அங்கே வராது, பின்வாசல் பக்கம் போய்விடும். ஜனவரியில் சரியாக இருந்த இடம் ஜூலையிலும் சரியாகவே இருக்கும் என்று நம்பாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை நிழல் விழும் இடத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே வைக்கும் செடிக்குச் செம்பருத்தியே சிறந்தது. ஊரெங்கும் கிடைக்கிறது, அடர்த்தியாக வளர்கிறது, ஏமன் பச்சோந்தி அதன் இலையையும் பூவையும் தின்றாலும் கெடுதி இல்லை. பூசைக்கென்று வாசலில் வளர்க்கும் அரளி கொடிய நஞ்சு. அரளிச் செடியில் ஏற விடுவதும், அதன் கிளையை வெட்டிக் கூண்டில் வைப்பதும் கூடாது. எருக்கையும் அருகில் சேர்க்க வேண்டாம். கடையில் வாங்கிய செடி எதுவாயினும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம் என்று கொண்டு, இலைகளைக் கழுவிச் சில வாரம் கழித்தே பயன்படுத்த வேண்டும்.

கூண்டே இல்லாமல் தொட்டிச் செடியில் பச்சோந்தியை ஏற்றி வைக்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. செடி தனித்து நிற்க வேண்டும். சுவரையோ வேலியையோ வேறு கிளையையோ தொடக் கூடாது. ஆள் ஒருவர் கண்ணை எடுக்காமல் அருகில் நிற்க வேண்டும். பச்சோந்தி மெல்ல நடப்பது என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பு முடிவதற்குள் அது மாமர உச்சிக்குப் போய்விடும். பச்சை இலைக்குள் பச்சை உடலைத் தேடி எடுப்பது எளிதன்று.

வெயிலுக்கு முன்னும் இடையிலும் தண்ணீர் அவசியம். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் குடிக்காது; இலையில் உருளும் துளியையே நக்கும். கூண்டை வெளியே வைக்கும் முன் இலைகளில் நீர் தெளித்துவிட்டு, மேலே ஒரு குவளையில் சிறு துளையிட்டுச் சொட்டச் சொட்ட விட்டால் போதும். வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயின் முதல் தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கலாம். அதைக் கையில் விட்டுப் பார்க்காமல் தெளிக்கக் கூடாது.

சூடு மிகுந்ததற்கான அறிகுறிகளை வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நிறம் வெளுத்துப்போதல், வாயைத் திறந்து வைத்தல், நிழல் தேடிக் கூண்டின் அடிக்கு இறங்குதல், வலையைப் பற்றிக்கொண்டு அலைதல் ஆகியவை முதல் கட்டம். கண் சொருகுவதும் பிடி நழுவுவதும் அடுத்த கட்டம். அப்போது தாமதிக்க நேரமில்லை. நிறம் மாறினாலே ஆபத்து என்றும் பதற வேண்டாம். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விளக்கியபடி, பாந்தர் பச்சோந்தியின் தோல் அணுக்களில் நுண்ணிய படிகங்கள் அடுக்காக அமைந்துள்ளன. எதிரியையோ துணையையோ கண்டு கிளர்ந்தால் படிகங்களின் இடைவெளி விரிந்து, பச்சை மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஒளிரும். அந்த ஒளிர்வில் துடிப்பு இருக்கும். வெப்பத்தின் வெளுப்பில் உயிர்ப்பு இருக்காது. சூடு தாக்கிய பச்சோந்தியை நிழலுக்கு எடுத்து, மிதமான நீரை மெல்லத் தெளித்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்குவது அதிர்ச்சியால் கொன்றுவிடும். டெங்கில்வாசிகளுக்கு அருகில் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

வெளியே எதிரிகளும் உண்டு. முதலாவது வீட்டுக் காகம். 1890-களில் கிள்ளானின் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்பூச்சிகளை ஒழிக்கவென்று இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை அது. தோட்டம் போனது, காகம் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிட்டது. வலைக்கு வெளியிலிருந்தே பச்சோந்தியின் கால், வால், கண் ஆகியவற்றைக் கொத்தும். பூனையும் வலைக்குள் நகத்தை நீட்டும். செம்பனைத் தோட்டங்களையும் பாயா இண்டா ஈரநிலத்தையும் ஒட்டிய வீடுகளில் குரங்கு, உடும்பு, பாம்பு ஆகியவையும் வரும். குரங்குக்குக் கொக்கியைத் திறப்பது பெரிய வித்தை அல்ல. இவை எல்லாவற்றையும்விடக் குறைவாக மதிக்கப்படும் எதிரி எறும்பு. மரத்தில் இலைக்கூடு கட்டும் செம்முசுறு கூட்டமாக ஏறினால் கூண்டுக்குள் அடைபட்ட பச்சோந்திக்குத் தப்ப வழியில்லை. மேசையின் நான்கு கால்களையும் நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தும் பழைய சமையலறை முறை இதற்குப் போதும். நீரில் கொசு முட்டையிடாதபடி வேலை முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்.

கொசு என்றதும் புகை மருந்தைச் சொல்ல வேண்டும். டிங்கிக் காய்ச்சல் மிகுந்த சிலாங்கூரில் குடியிருப்புகளுக்கு மருந்துப் புகை அடிப்பது வழக்கம். அது மக்களின் உயிர் காக்கும் வேலை. அதைக் குறை சொல்வதற்கில்லை. புகை வண்டியின் ஓசை கேட்டதும் பச்சோந்தியை உள்ளே எடுத்துச் சன்னலை அடைத்துவிட வேண்டும். அன்றும் மறுநாளும் வெளியே வைக்காமல், கூண்டையும் செடியையும் கழுவிய பிறகே மீண்டும் பயன்படுத்துவது பாதுகாப்பு. புகை பட்டுத் தரையில் விழுந்த பூச்சியைத் தின்ன விடக் கூடாது. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் நாளில் காற்று வீடுகளின் பக்கம் வீசினால் அன்றும் வெளியே வேண்டாம். 2015, 2019 ஆண்டுகளைப் போலப் புகைமூட்டம் சூழும் காலத்தில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் உள்ளேயே வைக்க வேண்டும். மூட்டத்தைக் கடந்து வரும் கதிரும் அந்நாள்களில் குறைவு. நுரையீரலுக்கு வரும் கேடு அதைவிட அதிகம்.

மாடிக் குடியிருப்புகளில் வசிப்போருக்கு இடமே பெரிய கவலை. புத்ராஜெயா எழுந்த நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறிய தாமான் பெர்மாத்தா போன்ற இடங்களில் வாசலும் முற்றமும் கிடையாது. கிழக்குப் பார்த்த சன்னலோ பால்கனியோ இருந்தால் சிறிய வலைக்கூண்டு அங்கே போதும். கண்ணாடிக் கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும், கூண்டு கம்பியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனி பிற்பகலில் அடுப்பாகிவிடும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

கூண்டிலிருந்து பச்சோந்தி தப்பினால் இழப்பு வளர்த்தவருக்கு மட்டும் அல்ல. மலேசியக் காடுகளில் பச்சோந்தி இனம் எதுவும் இயற்கையாக இல்லை. மக்கள் ‘சும்பா சும்பா’ என்று சொல்வது ஓணான் வகையைத்தான். ஹவாய்த் தீவுகளில் 1972-இல் நுழைந்த ஜாக்சன் பச்சோந்தி அங்கேயே பெருகிவிட்டது. ஏமன் பச்சோந்தி புளோரிடாவில் காடேறிவிட்டது. இதே வெப்பமும் ஈரமும் உள்ள சிலாங்கூரில் அப்படி நேராது என்று யாரும் உறுதி கூற முடியாது. பச்சோந்தி இனங்கள் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. மலேசியாவில் அதை நடைமுறைப்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் 686-ஆவது சட்டம். வனவிலங்குகளுக்கென 2010-ஆம் ஆண்டின் 716-ஆவது சட்டமும் இருக்கிறது. வாங்கும்போதே ஆவணத்தைக் கேட்டுப் பெற்று, ஐயம் இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆவணம் இல்லாத பச்சோந்தியை விற்கும் இடத்தில் வாங்காமல் திரும்புவதே நேர்மை.

வெளியே வைக்க இடமோ, அருகில் இருக்க ஆளோ இல்லாத வீட்டுக்குப் புற ஊதா பி கதிர் தரும் குழல்விளக்கு இருக்கிறது. சூடு மட்டும் தரும் குண்டு விளக்கு இதற்கு ஈடாகாது. குழலை வலைக்கு மேல், பச்சோந்தி நிற்கும் கிளையிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் தொலைவில் பொருத்த வேண்டும். கண்ணுக்கு எரிவது போலத் தெரிந்தாலும் கதிர் நாளடைவில் குறைந்துவிடும் என்பதால் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இப்படி விளக்கொளியில் மட்டுமே நலமாக வளர்ந்த பச்சோந்திகள் உலகெங்கும் உண்டு. எனவே காவலுக்கு ஒருவர் இல்லாத நாளில், வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும், பச்சோந்தியை வெளியே வைக்க வேண்டாம் என்று டெங்கில் வட்டார வளர்ப்போர் அனைவரையும் இந்த மடல் கேட்டுக்கொள்கிறது.